வான்கோழி, கருவாடு, கொஞ்சம் மரக்காணம் உப்பு

ரொம்ப நாளாக எழுதணும் எழுதணும் என்று தள்ளிப்போட்ட பதிவு இது. ஆபீஸில் ஆணி அதிகம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வாசம். இதற்கு மேலும் எழுதாவிட்டால் அந்தக் கருவாடு என்னை மன்னிக்காது.

வரலாற்றுப் பதிவுதான். ஆனால் பொட்டி தட்டுகிற இன்ஜினியர் எழுதும் வரலாறு என்பதால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்துங்கள்.

முதலில் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2022 நவம்பர். ஆன்சைட் என்று ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் கிடந்தேன். நன்றி நவிலும் நாள் வந்தது. அமெரிக்காவில் அன்றைக்கு வான்கோழி சமைக்காத வீடு குறைவு. ரூமில் நாங்கள் மூன்று பேர், மூன்று பேருமே அதுவரை முழு வான்கோழியைத் தொட்டதில்லை. ஒரு வேகத்தில் 14 பவுண்டு எடையில் ஒன்றை வாங்கிவந்து விட்டோம். நம்ம கணக்கில் ஆறே கால் கிலோ. கருங்கல் மாதிரி உறைந்து கிடந்தது. கையில் விழுந்திருந்தால் எலும்பு முறிவுதான்.

மதுரைக்கார ரூம்மேட் சொன்னான்: "மாப்ள, ராத்திரி கிச்சன் மேடையில எடுத்து வெச்சிருவோம். காலைல இளகிரும். வெட்டிப் போட்டு பிரியாணி பண்ணிருவோம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பசியில் இல்லை. 11 வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தானே

எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். ஈசிஆரில் பாண்டிக்குப் போகிறவர்கள் பாண்டி வருவதற்கு 35 கிலோமீட்டர் முன்னால் ரோட்டோரம் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் காரை நிறுத்தி போட்டோ எடுத்திருப்பீர்கள். அந்த ஊர்தான். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில் பெரிய உப்பளம் எங்களுடையது. எங்கள் ஆயா அந்தப் பாத்திகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு வாரியவள், தலையில் சுமந்தவள்.

2011 கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டில் வான்கோழி அடித்தார்கள். பாசமாக எங்களுக்கும் ஒரு கிலோ கறி கொடுத்தனுப்பினார்கள். அம்மா கொஞ்சத்தைச் சமைத்துவிட்டு மீதியைப் புதுவருஷத்துக்கு என்று ஃபிரீசரில் வைத்தாள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், உள்ளே சோப்பு டப்பா சைஸில் ஒரு ஃபிரீசர். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அதன் மேல் அபார நம்பிக்கை. உள்ளே வைத்தால் எதுவும் கெடாது என்பது அவர் கட்சி. ஆயா மட்டும், "கறிய உப்புக்கண்டம் போட்டு வெய்யிடா, அந்தப் பொட்டிய நம்பாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் கேட்டோம்?

டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. அடுத்த ஒன்பது நாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.

ஜனவரி 1. மார்க்கெட் இல்லை, கடை இல்லை. அப்பா ஃபிரீசரைத் திறந்தார். கறி இளகி ரத்தத் தண்ணியில் மிதந்தது. முகர்ந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகல, நல்லா வேக வெச்சா சரியாப்பூடும்." வெந்தது. ஆயா மட்டும் தொடவில்லை, கருவாட்டைச் சுட்டுக் கஞ்சி குடித்தாள். நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி வாந்தி எடுக்க ஆரம்பித்தான். ஆறு மணிக்கு நான். எட்டு மணிக்கு அம்மா. தம்பிக்கு அப்போது எட்டு வயசு. பத்து மணிக்கெல்லாம் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தான். ரோடு முழுக்க மரம் விழுந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வர வழி இல்லை. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயாதான் ஒரு சொம்புத் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்து, சங்கடையில் ராத்திரி முழுக்க ஒரு மடக்கு ஒரு மடக்காக அவன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் டிவிஎஸ் 50-ல் மரங்களைச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்தான். இன்றைக்கு என்னை விட ஆறு இஞ்ச் உயரம்.

அந்த ராத்திரிதான் கொலம்பஸ் கிச்சனில் எனக்கு ஞாபகம் வந்தது.

என்ன தப்பு நடந்தது?

டெஸ்ட் எல்லாம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் இப்போது யோசித்தால் சங்கிலி புரிகிறது.

இறைச்சியில் கிருமி வளர்வதற்குத் தோதான வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை. அமெரிக்க விவசாயத்துறை இதை அபாய எல்லை என்கிறது. இந்த எல்லைக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி இருக்கக் கூடாது. கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால், ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். ஃபிரீசர் நிறைய சாமான் இருந்தால் 48 மணி நேரம், பாதி காலி என்றால் 24 மணி நேரம். இது பெரிய தனி ஃபிரீசருக்குச் சொன்ன கணக்கு. எங்கள் சோப்பு டப்பாவுக்கு அதுகூடக் கிடையாது. நாங்கள் திறந்தது மூன்றாம் நாள்.

"நல்லா வேக வெச்சா போயிடும்" என்பதுதான் பெரிய பொறி. கிருமி வேகும்போது சாகும், சரி. ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் மாதிரி சில கிருமிகள் செத்துப் போவதற்கு முன்னாலேயே கறியில் விஷத்தைக் கக்கிவிட்டுப் போகும். அந்த விஷம் கொதித்தாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வருவது பெரும்பாலும் இந்த வகைதான். மூக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்பா மூக்கின் மேல் தப்பில்லை.

ஆக, உறைந்த வான்கோழியை இளக்க ஒழுங்கான வழி ஃபிரிட்ஜுக்குள்ளேயே கீழ்த்தட்டில் வைப்பது. நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வீதம். 14 பவுண்டு என்றால் மூன்று நாள். அவசரம் என்றால் பிளாஸ்டிக் உறையோடு பச்சைத் தண்ணியில் முக்கி, அரை மணிக்கு ஒருதரம் தண்ணியை மாற்றணும், பவுண்டுக்கு அரை மணி நேரம். பறவையைக் குழாயடியில் கழுவக் கூடாது. தண்ணி தெறிக்கிற இடமெல்லாம் கிருமியும் தெறிக்கும். தொடையிலும் மார்பிலும் கனமான இடத்தில் உள் வெப்பம் 74 டிகிரி தொடணும். சாப்பிட்டு மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாலு நாளில் முடித்துவிடணும்.

அமெரிக்காவில் இந்தச் சந்தேகங்களுக்கென்றே ஒரு வான்கோழி கம்பெனி 1981-லிருந்து போன் லைன் நடத்துகிறது. நான் அதற்குப் போன் போடவில்லை. ஆயாவுக்குப் போட்டேன்.

"இன்னாடா, அந்த ஊர்லயும் வான்கோயியா? உப்பு போட்டியா?" என்றாள் ஆயா.

உப்பு. இங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

எயிற்பட்டினத்துக் கருவாடு

சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டு, அதில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. இந்த ஓய்மாநாடு வேறெங்கும் இல்லை, நம்ம திண்டிவனம் வட்டாரம்தான். பாட்டில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. கடற்கரையில் எயிற்பட்டினம் என்று ஒரு ஊர் வருகிறதே, அதை மரக்காணம் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காட்டுகிறார்கள்.

அந்த ஊருக்குப் போனால் பாணனுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? நுளையர் வீட்டில் கள்ளும், கூடவே உலர்ந்த குழல் மீனைச் சுட்டதும் கிடைக்கும் என்கிறார் புலவர். காலேஜில் இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது (இன்ஜினியரிங் காலேஜ்தான், லைப்ரரியில் ஏசி நன்றாக இருக்கும், அதனால் படித்தது). கிட்டத்தட்ட 1,800 வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊரில், விருந்தாளிக்குச் சுட்ட கருவாடு! தானே புயல் ராத்திரி ஆயா சாப்பிட்டதும் அதேதான். மெனு மாறவே இல்லை.

அதே பாட்டில் உப்பு வண்டி ஓட்டிப்போகும் உமணர்களும் வருகிறார்கள். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய கூட்டம். மலையிலும் வயலிலும் கறியும் மீனும் கெடாமல் இருந்ததற்குப் பின்னால் இவர்கள் வண்டிச் சக்கரம் இருக்கிறது. உப்பளத்துக்கு 'அளம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. நாம் 'உப்பளம்' என்று சொல்வதே உப்பு + அளம்தான்.

உப்பு என்ன செய்கிறது?

கொஞ்சம் இன்ஜினியரிங். கிருமிக்கு உயிர் வாழத் தண்ணி வேண்டும். கறியில் முக்கால் பங்கு தண்ணிதான். உப்பைப் போட்டால் அது அந்தத் தண்ணியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. தண்ணி அங்கேயே இருக்கும், ஆனால் கிருமிக்குக் கிடைக்காது. சிஸ்டத்தில் மெமரி இருக்கு, ஆனா வேறொரு புரோகிராம் மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கு என்கிற மாதிரி.

எவ்வளவு போடணும் என்பதுதான் சூட்சுமம். அமெரிக்கர்கள் வான்கோழியை உப்புத் தண்ணியில் ஊற வைக்கிறார்களே, அது லிட்டருக்கு 60 கிராம் வாக்கில், அதாவது ஆறு சதம். அது ருசிக்கும், கறி வறண்டு போகாமல் இருப்பதற்கும். காப்பாற்றுவதற்கு இல்லை! போட்டுலினம் மாதிரி கொடிய கிருமியை அடக்கப் பத்து சதம் உப்பாவது வேண்டும். ஸ்டாஃபைலோகாக்கஸ் 15 சதத்திலும் தாக்குப் பிடிக்கும். அதனால் ஊற வைத்த வான்கோழி ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்கணும். "உப்புத் தண்ணியில்தானே கிடக்கு" என்று வெளியே விட்டால் கதை கந்தல்.

நம்ம ஆட்கள் செய்வது வேறு. பெரிய மீனுக்கு மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று உப்பு, அதற்கு மேல் வெயில். உப்பு தண்ணியை இழுத்து வெளியே தள்ளும், வெயில் அதைக் கொண்டு போகும். உப்புக்கண்டமும் அப்படித்தான். ஆட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கி நீளமாகக் கீறி, கல்லுப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்து, கல் மாதிரி ஆகிறவரை நாள் கணக்கில் காய வைப்பது. ராத்திரி பனியில் விடக் கூடாது, மழைக்காலத்தில் போடவே கூடாது. இரண்டுமே ஆயா சட்டங்கள். இரண்டுக்கும் பின்னால் அறிவியல் சுத்தமாக இருக்கிறது.

உப்பிலும் தரம் உண்டு. கடல் தண்ணியைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்ட வைக்கும்போது முதலில் ஜிப்சம் படியும், அப்புறம் உப்பு, கடைசியில் மெக்னீசியம் நிறைந்த கசப்புத் தண்ணி மிஞ்சும். அதை நேரத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பும் கசக்கும், கருவாடும் கசக்கும், உப்பு மீனுக்குள் இறங்குவதும் தாமதமாகும். வடிக்கிற அந்த நேரம் தெரிவதுதான் உப்பளத் தொழிலாளியின் திறமை. ஆயா நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்துச் சொல்லிவிடுவாள்.

ஐஸ் அவர்களுக்கு, உப்புக்கு வரி நமக்கு

இப்போது வெள்ளைக்காரன் காலம். 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக ஆக்கியது. காய்ச்சுகிறவன் அரசாங்கத்துக்குத்தான் விற்கணும், அரசாங்கம் வைத்ததுதான் விலை. பக்கத்துப் பாண்டியையும் விடவில்லை. 1815-ல் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் பகுதி உப்பு தங்கள் கையை விட்டுப் போகாமல் இருக்க, வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒத்துக்கொண்டது. உப்பில் எவ்வளவு காசு இருந்தால் இவ்வளவு கொடுப்பான் பாருங்கள்.

இதே காலத்தில் துரைமார் வீட்டு இறைச்சி எப்படிக் காப்பாற்றப்பட்டது? ஐஸ்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏரி உறையும். அதைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலில் அனுப்பினார் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றினார், நாலு மாசப் பயணத்தில் உருகியது போக 100 டன் போய்ச் சேர்ந்தது. 1842 வாக்கில் சென்னைக் கடற்கரையில் ஒரு கிடங்கு கட்டினார். அதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னால் 1897-ல் விவேகானந்தர் தங்கி, இன்று விவேகானந்தர் இல்லம் ஆன அதே கட்டடம். ஒரு ஊரின் ஏரியையே வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து ஒருவன் கறியைக் குளிர வைக்கலாம். இன்னொருவன் வாசலில் கிடக்கும் உப்பை அள்ளக் கூடாது.

மிகையாகச் சொல்லவில்லை. உப்பு வரி எல்லாரையும் தாக்கியது, ஆனால் மீனவனை இரண்டு முறை தாக்கியது. ஒன்று சோற்றுக்கு, இன்னொன்று மீனுக்கு. 1888-ல் வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆனது. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. 100 கிலோ மீனை ஒழுங்காகக் கருவாடு போட 30 கிலோ உப்பு என்று வையுங்கள். வரி மட்டுமே இரண்டு ரூபாய், அந்தக் காலத்து இரண்டு ரூபாய்!

அப்போ மீனவன் என்ன செய்வான்? உப்பைக் குறைப்பான், அல்லது கழிமுகத்தில் பூத்துக் கிடக்கும் உவர் மண்ணைச் சுரண்டி மீனில் தடவுவான். அரை உப்பில் போட்ட மீன் பாதி அழுகிய மீன். அதைத் தின்பவர்கள் ஏழைகள். தம்பிக்கு நடந்தது போல எத்தனை வீடுகளில் நடந்திருக்கும், யாரும் கணக்கு வைக்கவில்லை. உவர் மண்ணைச் சுரண்டுவதும் குற்றம்தான். 1889-ல் வந்த சென்னை உப்புச் சட்டம் இயற்கையாகப் பூத்த உப்பை அள்ளுவதைக்கூடத் தண்டனைக்குரியதாக்கியது. ஒரு வேடிக்கை பாருங்கள். எயிற்பட்டினத்துக் கருவாட்டைச் சொல்லும் பத்துப்பாட்டை உ.வே.சா. முதன்முதலாக அச்சில் கொண்டுவந்ததும் அதே 1889-ல்தான்.

இதை வெள்ளைக்காரர்களிலேயே ஒருவர் சுட்டிக்காட்டினார். பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் டாக்டர், மீன்களை ஆராய்ந்தவர். இந்தியா, பர்மா கடல் மீன்வளம் பற்றி 1873-ல் கொடுத்த அறிக்கையில், உப்பு வரி மீன் பதனிடும் தொழிலை நெரிக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சென்னை மாகாணக் கரையோரம் மீன் பதனிடும் முற்றங்கள் வந்தன. வேலி போட்ட இடம், உள்ளே உப்பு இலாகா ஆள். மீனைக் கொண்டுபோனால் வரியில்லாத உப்பு அளந்து கொடுப்பார்கள். ஆனால் மீனில் உப்பு போடுவதை அங்கேயே வைத்துத்தான் செய்யணும், ஒரு பிடி உப்பு வெளியே போகக் கூடாது. நல்லதுதான், நிறைய மீன் பிழைத்தது. ஆனால் யோசித்தால் சுருக்கென்கிறது. தன் கடலில் பிடித்த மீனுக்குத் தன் கரையில் விளைந்த உப்பைப் போட, காவலாளி முன்னால் வரிசையில் நிற்கணும். 1907-ல் சென்னை மீன்வளத்துறையைத் தொடங்கிய பிரெடரிக் நிக்கல்சன் காலத்தில்தான் சுத்தமாகப் பதனிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வேலைகள் நடந்தன.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1930 ஏப்ரல் 6 தண்டியில் காந்தி, அதே மாதம் 13-ம் தேதி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி. உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரலில். நம் பாடப் புத்தகத்தில் உப்பு என்றால் சுதந்திரம், மானம் என்று இருக்கிறது, சரிதான். ஆனால் உப்பு என்றால் கெடாத சாப்பாடு, வயிற்றுப்போக்கில் சாகாத பிள்ளை என்றும் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

வான்கோழி எப்போ வந்தது?

வான்கோழி அமெரிக்கப் பறவை. கொலம்பஸ் (ஊர் இல்லை, ஆள்) போன பிறகுதான் வெளி உலகத்துக்கு வந்தது. 1612-ல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்து ஜஹாங்கீர் அதிசயப்பட்டு, ஓவியர் மன்சூரை விட்டு வரைய வைத்தார். அந்தப் படம் இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படியென்றால், மயிலைப் பார்த்து ஆடப் பார்க்கும் வான்கோழி மூதுரையில் வருகிறதே? ஒன்று, அந்தப் பாட்டு 16-ம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. அல்லது அந்தப் பெயர் முதலில் வேறு ஏதோ பறவைக்கு இருந்து பின்னால் இதற்கு வந்தது. தமிழறிஞர்கள் யாராவது வந்து பஞ்சாயத்து பண்ணுங்கப்பா.

இன்று தமிழ்நாட்டுக்கென்றே ரகம் இருக்கிறது, நந்தனம் வான்கோழி-1. சென்னை நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. நாட்டுக் கருப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சின்ன வெள்ளை என்ற அமெரிக்க ரகத்தையும் கலந்தது. அந்த பெல்ட்ஸ்வில் ரகத்தை ஏன் உருவாக்கினார்கள் தெரியுமா? 1930-களில் அமெரிக்க வீடுகளில் குடும்பம் சின்னதாச்சு, அடுப்பும் ஃபிரிட்ஜும் சின்னது, பெரிய வான்கோழி உள்ளே நுழையவில்லை! ஃபிரிட்ஜுக்காகவே ஒரு பறவையைச் சுருக்கியிருக்கிறார்கள். அதன் பேரன் எங்கள் ஊர் வாத்தியார் வீட்டுக்கு வந்து, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கெட்டுப்போயிருக்கலாம்.

திரும்பவும் கொலம்பஸ்

மதுரைக்காரனிடம் சண்டை போட்டு வான்கோழியை மூன்று நாள் ஃபிரிட்ஜில் இளக்கினேன். ஒரு பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணி. ஆயா சொன்னபடி மஞ்சள், மிளகு, பூண்டு தட்டிப் போட்டு, மறுபடி ஃபிரிட்ஜுக்குள் ஒரு ராத்திரி. வெப்பமானி வாங்கித் தொடையில் குத்தி 74 வரும்வரை விடவில்லை. மூன்று மணி நேரம் ஆச்சு. பசியில் ரூம்மேட்டுகள் என்னை முறைத்த முறைப்பு இருக்கே! ஆனால் சாப்பிட்ட பிறகு பேச்சே இல்லை. மிச்சத்தை ஒன்றரை மணி நேரத்தில் பிரித்து டப்பாவில் அடைத்துவிட்டு, தேதி எழுதி ஒட்டினேன். "ஏண்டா, இது என்ன ரிலீஸ் வெர்ஷனா?" என்றான் மதுரைக்காரன். ஆமாம் என்றேன். தானே கதையை அவனுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். அப்புறம் அவன் கிண்டல் பண்ணவில்லை.

ஆயாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "தொட பெருசா கீது, உப்பு உள்ள எறங்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கவலை அவளுக்கு.

தம்பிக்கு அவள் கொடுத்த தண்ணியைப் பற்றியும் பிறகு படித்தேன். ஒரு லிட்டர் தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் இதே மாதிரியான ஒரு கரைசலைத்தான் டிரம் டிரம்மாகக் கலந்து கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். ஆயாவுக்கு அவர் பெயர் தெரியாது. எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்றாள். கறியைக் காப்பாற்றியிருக்க வேண்டிய உப்பு, கடைசியில் தம்பியைக் காப்பாற்றியது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் வாக்கில் மழை. உப்பளம் மொத்தமும் கடல் மாதிரி கிடந்தது. பாத்தியை மறுபடி மிதித்து, கெட்டிப்படுத்தி, உப்பு எடுக்க மாசக்கணக்காகும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேலையும் கூலியும் இல்லை. 2022-லிருந்து அரசாங்கம் அந்த மாதங்களுக்கு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. மூன்று மாசத்துக்கு 5,000. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முறையும் கரண்ட் போனது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஃபிரிட்ஜ்ல என்னப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்லடா. எல்லாத்தையும் நேத்தே காலி பண்ணிட்டேன். ஆயா பரண்ல கருவாடு வெச்சிருக்கு."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். சோறு போட்டவரை நினைக்கச் சொன்னது அது. உப்பையே வாரிப் போட்டவர்களையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம். அடுத்த தடவை ஈசிஆரில் போகும்போது அம்பாரத்தோடு செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ரோட்டோரம் விற்கிற கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு போங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு வான்கோழி உப்புக்கண்டம் போடலாமா என்று யாராவது கேட்பீர்கள். ஆயாவிடம் கேட்டேன். "சித்திரை வெயில்ல போடு, ஐப்பசில போட்டு என் பேர கெடுக்காத" என்று பதில் வந்திருக்கிறது.